மரை லென்ஸுக்கு ஒரு பாடி

14 ஜூலை 1996, நகரி

என் சம்சாரம் மனோரமா அனுப்பிய பை வந்து சேர்ந்தது. குவைத்திலிருந்து லீவில் வந்த லட்சுமம்மா ரேணிகுண்டா ஸ்டேஷனில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே பழைய துணியில் சுற்றி மூன்று லென்ஸ். மனோரமா வேலை செய்யும் வீட்டில் அலமாரியைக் காலி பண்ணினார்களாம். வேண்டுமானால் எடுத்துக்கோ என்று வீட்டம்மா கொடுத்தாளாம். கேமரா இல்லை, லென்ஸ் மட்டும். 35, 50, 135. ஒரு கீறல் கிடையாது.

மூன்றும் மரை போட்டவை. பாட்டில் மூடி மாதிரி திருகிப் பொருத்த வேண்டும். இப்போது வரும் கேமரா எதிலும் ஏறாது. ஸ்டுடியோ முதலாளியின் கேமராவில் வைத்துப் பார்த்தேன், அதிலும் ஏறவில்லை. பழைய கேமரா பாடி ஒன்று தேட வேண்டும். கிடைத்தால் இனி முதலாளி கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போக வேண்டியதில்லை.

21 ஜூலை

திருப்பதி. வெங்கடராகவன் என்பவர் பழைய கேமரா வாங்கி விற்கிறார். லென்ஸ்களை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"அருமையான கண்ணாடி. உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

'உங்களுக்கு' என்பதை அழுத்திச் சொன்னாரா? எனக்கு அப்படித்தான் பட்டது. என் செருப்பைப் பார்த்தாரோ என்னவோ.

"என் சம்சாரம் குவைத்ல நர்ஸுங்க. அங்க ஒரு டாக்டர் குடுத்தாரு."

வாயிலிருந்து வந்துவிட்டது. உட்காரச் சொன்னார். காபி வந்தது.

இரண்டு பாடி காட்டினார். ஒன்று ரஷ்யா. மூலை நசுங்கி, கல் கனம் கனத்தது. பார்க்கிற கண்ணாடி இருட்டு. ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் வளையத்தை நாமே கையால் மூட வேண்டும். ஆனால் பேட்டரியே வேண்டாம், ஷட்டர் சத்தம் சுத்தம். இன்னொன்று ஜப்பான். பளபளப்பு. வளையம் தானே மூடிக்கொள்ளும். வெளிச்சம் காட்டும் முள் செத்துவிட்டது, அதற்கான செல் இப்போது வருவதில்லையாம். மெதுவான ஸ்பீடில் வைத்துக் காதோரம் கேட்டேன். ஷட்டர் சட்டென்று மூடாமல் இழுத்தது.

ரஷ்யாதான் சரி. எனக்குத் தெரிந்தது. கையிலும் எடுத்துவிட்டேன்.

"அது கத்துக்கறவாளுக்கு. நீங்க இதை எடுத்துக்கோங்கோ" என்றார்.

நர்ஸ் புருஷன் நசுங்கினதை எடுப்பானா? ஜப்பானை வாங்கிக்கொண்டு வந்தேன்.

25 ஆகஸ்ட்

புத்தூரில் கல்யாணம். தாலி கட்டும் நேரம் ஃபிளாஷ் எரியவில்லை. மெதுவான ஸ்பீடில் வைத்து எடுத்தேன். ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டது.

1 செப்டம்பர்

தாலி கட்டும்போது எடுத்த நாலு பிரிண்டும் வெறும் வெள்ளை. பெண்ணின் அப்பா ஆல்பத்தை இரண்டு முறை புரட்டினார். மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருக்கலாம்.

1 டிசம்பர்

மனோரமா லீவில் வந்திருக்கிறாள். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. தரை கழுவும் மருந்தாம்.

8 டிசம்பர்

ஷட்டரைக் காட்டலாம் என்று திருப்பதி கிளம்பினேன். கூட வரேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? கூட்டிக்கொண்டு போனேன்.

வெங்கடராகவன் எழுந்து நின்றார். "வாங்கோ சிஸ்டர். எங்க அண்ணா பொண்ணு மைத்ரேயி நர்ஸிங் முடிச்சிருக்கா. குவைத்துக்குத்தான் போவேன்னு நிக்கறா. நீங்க எந்த வார்டு?"

மனோரமா என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"கொழந்தைங்க வார்டுங்க."

அப்புறம் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "ஏஜென்ட் வாயால சொல்றத நம்பாதீங்க. காயிதத்துல என்னா வேலைன்னு எழுதிக்கீதோ அதப் படிச்சிட்டு அப்பறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்க." பேசிய அத்தனை நேரமும் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

பஸ் ரேணிகுண்டா தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வூட்ல பாத்திரம் தேய்க்கறேன். அந்தக் கெழவியோட பீத்துணி தொவைக்கறேன். ஒரு நாளும் எனக்கு வெக்கமா இல்ல. இன்னிக்குத்தான் கைய மறைச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்."

என்ன பண்ணிட்டேன் நான் — அவளை என்கூடச் சேர்ந்து பொய் சொல்ல வெச்சிட்டேன். அதுவும் அவ வாங்கி அனுப்பின லென்ஸுக்காக.

10 டிசம்பர்

தனியாகத் திருப்பதி போனேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று வாசலில் நின்றேன். அப்புறம் எதற்கு நிற்கிறேன் என்று தோன்றியது. உள்ளே போனேன்.

"என் சம்சாரம் நர்ஸ் இல்லீங்க. வீட்டு வேலை செய்யறா. நான்தான் பொய் சொன்னேன். எனக்காக அவளும் சொன்னா."

வெங்கடராகவன் கொஞ்ச நேரம் துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தார். "அப்போ மைத்ரேயிக்குச் சொன்னதெல்லாம்?"

"அது நெசம். அவ பட்டுத் தெரிஞ்சிக்கினது."

தலையை ஆட்டினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த நசுங்கினதையே குடுத்திருப்பேன். அதுதான் நன்னா ஓடறது." பார்வையை என் பக்கம் திருப்பவில்லை. ஜப்பானின் ஷட்டர் இழுப்பது அவருக்கும் அன்றே தெரிந்திருக்குமோ? நின்றபடியே ஜப்பானைக் கொடுத்து ரஷ்யாவை மாற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். "செரி" என்றாள். அவ்வளவுதான்.

5 ஜனவரி 1997

மனோரமா போய்விட்டாள். மீனம்பாக்கத்தில் உள்ளே நுழைந்த பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

17 மார்ச்

எதிர்த் தெரு ரத்தினம்மா பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தாள். அவளும் குவைத்துக்குத்தான். ஸ்டூலில் உட்கார வைத்து 135-ஐத் திருகினேன். வளையத்தை மூடினேன்.

"உன் பொண்டாட்டி அங்க என்னா வேல செய்யறா?"

"வீட்டு வேல. சமையலு, பாத்திரம். வயசான அம்மா ஒருத்தங்களப் பாத்துக்கறா."

தயங்காமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கே ஒரு திருப்தி. ஆனால் அவள் விடவில்லை.

"படுக்க எடம் குடுப்பாங்களா? தனி ரூமா? உள்பக்கம் தாப்பா இருக்குமா?"

தெரியவில்லை என்றேன்.

அவள் குவைத் போய் மூன்று வருஷம். லென்ஸ் அனுப்பும் முன் அதன் விளிம்பில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்றுகூடக் கடிதத்தில் கேட்டவன் நான். இதைக் கேட்டதில்லை.

ரத்தினம்மா போனதும் வெளிநாட்டுக்குப் போடும் ஏரோகிராம் தாள் வாங்கி வந்து உட்கார்ந்தேன். 'மனோ, நீ அங்க எங்க படுத்துக்கற?' அதற்கு மேல் எழுத வரவில்லை. அதையே ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.