சாரம் கிரகத்தின் கடைசி அத்தியாயம்

இன்று காலை மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த என் வெள்ளைச் சட்டையில் சாம்பல் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காய்ந்த ஓலையைக் குவித்துத் தீ வைத்திருக்கிறார். மெல்லத் தட்டியிருந்தால் போயிருக்கும். நான் பதறிப்போய்த் தேய்த்துக் காலர் முழுக்கக் கறையாக்கிவிட்டேன். நீ இருந்திருந்தால் அதைச் சாம்பல் என்று சொல்லியிருக்க மாட்டாய். சாரம் என்பாய். மலையாளத்தில் சாம்பலுக்கு அதுதான் பெயர். தமிழில் அப்படி இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் நீ மாற்றிக்கொண்டதில்லை.

நாம் சேர்ந்து எழுதிய தொடர்கதையின் கடைசி அத்தியாயம் சனிக்கிழமைக்குள் போயாக வேண்டும். இணைய இதழின் ஆசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டார். எரிமலை வெடித்ததும் சாரம் கிரகத்து மக்கள் பிழைக்கிறார்களா, மொத்தமாக அழிகிறார்களா என்று சொல்ல வேண்டியவன் நீ. நீ போய் நாற்பது நாளாகிறது. உன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் நேற்றுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குக் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் நமக்கு எதிரெதிர் மேஜை. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். நீ இங்கே சாலைக் கடைத்தெருவில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, தமிழ் எழுத்தை வீட்டுக் காலண்டரைப் பார்த்துக் கற்றவன். ஒரு மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "எடே, ஒரு கிரகம் இருக்கு. தரைக்கு அடியில முழுக்கத் தீ. ஆளுங்க ஆறிப்போன பாறைக்குள்ள குகை தோண்டி இருக்காங்க. எழுதுவமா?" என்றாய். கிரகம் உனக்கு, விண்கலம் எனக்கு என்று பங்கு பிரித்தோம். கலத்தில் நான் வரைந்த அவசர வாசல்களை எண்ணிப் பார்த்து, "ஆளை விட வாசல் ஜாஸ்தி" என்று சிரித்தாய். என் பயம் உனக்கு எப்போதும் தமாஷாகத்தான் இருந்தது.

எரிமலையைப் பார்க்காமல் எழுத வராது என்று என்னைப் பொன்முடிக்கு இழுத்துக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? அது எரிமலையே இல்லை என்றேன், நீ கேட்கவில்லை. மலையடிவாரத்துக் கல்லாற்றில் பஸ் நின்றபோது நான் இறங்கிப்போய், கீழே திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடையில் கேட்டேன். கண்டக்டரிடம் இன்னும் இரண்டு முறை கேட்டேன். மேலே போய் நின்றதும் மூடுபனி வந்து நம் இருவரையும் மறைத்துவிட்டது. உன் குரல் மட்டும் கேட்டது. "எடே, இது மஞ்ஞு இல்ல. சாரமாக்கும். அங்க இப்படித்தான் பெய்யும்." நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "மலை பொட்டுறதுக்கு முன்ன பஸ் வரும். நீ இரி" என்று, மலை வெடிக்கவும் நேரம் குறித்திருப்பதுபோலச் சொன்னாய். பனிக்குள் தட்டுத்தடுமாறி உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் அத்தியாயத்தை நான் ஊருக்குப் போயிருந்த நாளில், என்னிடம் காட்டாமல் நீயே அனுப்பிவிட்டாய். 'மூன்று நாளாகச் சாரம் பெய்தது' என்று ஆரம்பம். திரும்பி வருவதற்குள் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுகிற கைலி. "வானத்துல இருந்து கைலியா விழுந்துச்சு அண்ணாச்சி?" என்று ஒருவர். கட்டட வேலைக்காரர் ஒருவருக்கு அது சுவரை ஒட்டிக் கட்டும் கழிச் சாரம். "சாரம் பெய்யாது சார், சரியும். ஆளைக் கொல்லும்" என்று அவர். எனக்கு மானம் போய்விட்டது. திருத்தம் போடலாம் என்று கெஞ்சினேன். நீ அசையவில்லை. "சாரமில்ல எடே" என்றாய். மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். அடுத்த அத்தியாயத்திலேயே கிரகத்துக்குச் சாரம் என்று பெயர் வைத்துவிட்டு, "இனி ஒருத்தனும் கேக்க முடியாது. பேரு பேருதான்" என்றாய்.

மலையாளத்தில் சாம்பலைக் குறிக்கும் சாரம் 'ச்ச' ஒலியில் தொடங்கும், பரவாயில்லை என்னும் சாரமில்ல 'ஸ' ஒலியில் தொடங்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே ச. அந்த வசதி உனக்குப் பிடித்துப்போய்விட்டது. உன் கிரகத்து மனிதர்கள் விடிந்ததும் குகையிலிருந்து தலையை நீட்டி, ஒருவருக்கொருவர் முதலில் சொல்வது 'சாரமில்ல'. இன்றைக்குச் சாம்பல் விழவில்லை, வெளியே வரலாம் என்று பொருள்.

உன் மனைவி நோட்டைக் கொண்டுவந்து தந்த அன்றே பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் உன் சீரான கையெழுத்தில் 'மலை பொட்டுது. எல்லாரும் குகைக்குள்ள. பிறகு?' என்று இருந்தது. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, கோணல்மாணலாக 'சாரமில்ல' என்று ஒரு சொல். சாம்பல் நின்றுவிட்டது, மக்கள் பிழைத்தார்கள் என்கிறாயா? சாரம் என்ற கிரகமே இனி இல்லை என்கிறாயா? இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். எதை அனுப்பினாலும் உனக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. ஓர் உலகத்து உயிர்கள் அத்தனையும் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

இதற்கு நடுவில் உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு முதல் நான்கு நாள் வந்தேன். நான்காம் நாள் உன் கண் மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பிளாஸ்கில் கஞ்சியோடு வந்து, எதிரே பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். கால் நகரவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு உன் மனைவிக்குப் போன் செய்து, ஆபீஸில் வேலை, நாளைக்கு வருகிறேன் என்றேன். அந்த நாளைக்கு வரவே இல்லை. ஏழாம் நாள் நீ போய்விட்டாய்.

நேற்று மனம் தாங்காமல் அவளுக்கே போன் செய்தேன். அவள் மலையாளி, தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. நோட்டில் கடைசியாக ஒரு சொல் இருக்கிறது, எப்போது எழுதினான் என்று கேட்டேன்.

"எந்த வாக்கு சேட்டா? ஒண்ணு வாயிச்சு சொல்லுங்க."

வாய்விட்டுப் படிக்க வேண்டுமென்றால் எந்தச் ச என்று நான் முதலில் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு விதமாகவும் சொன்னேன். 

"அது கதைக்கு உள்ளதில்ல சேட்டா," என்றாள். "அன்னைக்கு நீங்க விளிச்சு, வர முடியாதுன்னு சொன்னீங்கல்லே. ஜன்னல் பக்கத்துலதான் கட்டில். நீங்க பஸ் ஸ்டாப்பில இருந்து போன் பண்றதை நாங்க ரெண்டு பேரும் கண்டோம். எனக்கு தேஷ்யம், கோபம் வந்துது. அவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் இருந்ததுனால பேச முடியல்ல. நோட்டைக் கேட்டு வாங்கி எழுதினாரு. எனக்கு தமிழ் வாயிக்க அறியாதுன்னு அவருக்குத் தெரியாதா? நீங்க வாயிக்கத்தான் எழுதிருக்கும்."

 போனை வைத்த பிறகு உன் நோட்டை எடுத்து அந்தச் சொல்லை மறுபடி படித்தேன். நீ திட்டியிருக்கலாம். கோழை என்று எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு வாழ எனக்குத் தெரியும். மூச்சுக்குத் திணறும்போதும் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்று எழுதி வைத்தாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பரவாயில்லை என்பதைத் திருப்பிப் போட்டு, சாரமுண்டு என்று மலையாளத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்கிறேன், எடே. எனக்குச் சாரமுண்டு.

எழுதி வைத்திருந்த இரண்டு முடிவையும் அழித்துவிட்டேன். கிரகத்துக்கு நீ எந்த முடிவும் வைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இருபத்து மூன்று அத்தியாயத்தில் என் விண்கலம் ஒருமுறைகூடத் தரையிறங்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டே எச்சரிக்கைச் செய்தி அனுப்பும், அவ்வளவுதான். இன்று மதியம் மலை வெடித்ததும் அதைக் கீழே இறக்கினேன். எரிபொருள் போதுமா, திரும்ப எழும்புமா என்று கணக்குப் போடவில்லை. கலத்தின் கால்கள் சூட்டில் இளகுகின்றன, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் குகை. உள்ளே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லி எழுதிவிட்டேன்.