பழைய மூக்கு

ஜனவரி 9

கோபக்கார மகாராணிக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். கண்ணாடிக் கடை வழக்கம்போல ஓடுகிறது. என் சமையலைச் சாப்பிட்டு நானும் பாப்பாவும் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

நேற்று காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "அழகுக்காகச் சின்னதாக்கின மூக்கை மறுபடி பழையபடி ஆக்க முடியுங்களா?" என்று கேட்டேன். "ஆபரேஷன் பண்ணினவரைத்தான் கேக்கணும்" என்று நழுவிவிட்டார். நீ கேட்டுப் பாரேன். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், தெரியும். எனக்காக இல்லை, பாப்பாவுக்காக.

பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குத்தான் வருகிறாள். போன வாரம் ஒருவர், தன் பெரிய மூக்குக்கு எந்தக் கண்ணாடியும் சரிவராது என்று சங்கடப்பட்டார். இவள் முகத்தில் ஒரு பிரேமை மாட்டி, "இந்த மூக்குலயே நிக்குது, உங்களுக்கு நிக்காதா?" என்றேன். கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுநாள் என் குறடை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். "அப்பா, பிரேமை நெருக்கி விடுவீங்கல்ல, அதே மாதிரி என் மூக்கையும் நெருக்கி விடுங்க. அம்மாவோடது மாதிரி ஆயிடும்."

குறடை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். அவளுக்கு உன் பழைய மூக்கு அப்படியே அச்சு. அது மறுபடி உன் முகத்தில் இருந்தால் சமாதானமாகிவிடுவாள் என்று தோன்றுகிறது.

உன் வீட்டுக்காரன்

ஜனவரி 20

பாப்பாவின் அப்பாவுக்கு,

குறடு என்ற இடத்தைத் தாண்டி என்னால் உடனே படிக்க முடியவில்லை. வேலை பார்க்கிற தையல் கூடத்தில், காலர் சரிபார்க்கிற மேஜையிலேயே அழுதுவிட்டேன். சூப்பர்வைசரிடம் கண்ணில் நூல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளை வைத்துமா அந்த வித்தையைக் காட்டினீர்கள்? கல்யாணமான நாளிலிருந்து உங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து, என் மூக்கில் நீங்கள் பிரேம் மாட்டிக் காட்டும்போதெல்லாம் நான் சிரித்தேன். சிரிக்கிறவளுக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டீர்கள். கட்டுப் பிரித்து, புது மூக்கோடு கடைக்கு வந்த அன்றைக்கும் வாடிக்கையாளர்கள் முன்னால், "ஐயோ, என் விளம்பரப் பலகையே போச்சே" என்றீர்கள். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் பெட்டியைக் கட்டி அக்கா வீட்டுக்கு வந்தேன். படிப்பு நடுவில் கெட வேண்டாமென்று பாப்பாவை உங்களிடம் விட்டேன்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். செதுக்கி எடுத்தது போனது போனதுதானாம். விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து மேடு கட்டலாமாம். "அது பழைய மூக்கு ஆகாதும்மா, இன்னொரு புது மூக்குதான். மூச்சு விடவும் சிரமம் வரலாம்" என்றார். பரவாயில்லை, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் பிள்ளை என் முகத்தில் தன்னைப் பார்க்கட்டும்.

பழைய மூக்கு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டுமாம். என்னிடம் ஒன்றுகூட இல்லை. வீட்டில் தேடி அனுப்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 2

என் அன்பானவளுக்கு,

ஆல்பம், அலமாரி, பரண் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிவிட்டேன். ஒரு படத்தில்கூட நீ பக்கவாட்டில் இல்லை. நேராகப் பார்க்கிறாய், இல்லாவிட்டால் குனிந்திருக்கிறாய், இல்லாவிட்டால் பாப்பாவைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறாய். இத்தனை வருஷம் இதே ஆல்பத்தைப் பார்த்தவன்தான் நான். இது கண்ணில் படவே இல்லை.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. உன் மூக்குதானே அவள் மூக்கு, அவளைப் படம் எடுத்து அனுப்பினால் டாக்டருக்குப் போதுமே என்று பக்கத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவோட டாக்டருக்கு என்று மட்டும் சொன்னேன். நான் ஒரு மடையன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரொம்ப நாளைக்குப் பிறகு தானாகத் தலை வாரிக்கொண்டு வந்தாள். ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் திரும்பு என்றால் திரும்பினாள், அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம். முகமெல்லாம் சிரிப்பு. திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, எனக்கு எப்ப ஆபரேஷன்? வலிச்சாலும் நான் அழ மாட்டேன். அப்புறம் நான் கடைக்கு வந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல?"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். உனக்கு ஆபரேஷன் இல்லை, நீ அழகு என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "சும்மா சொல்றீங்க" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தப் படங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீ வா. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். அவள் இப்போது கடைக்கு வருவதில்லை. அந்த வித்தையும் இனி இல்லை, சத்தியம். வீடு வீடாக இல்லை. வந்துவிடு.

உன்னுடையவன்

பிப்ரவரி 10

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவை ஊர் வாய்க்குப் பயந்து அறுத்துக்கொண்டேன். இப்போது பிள்ளைக்காக ஒட்டவைத்துக்கொண்டால், யார் முகம் சுளித்தாலும் கத்தியிடம் போக வேண்டும் என்றுதானே அவள் கற்றுக்கொள்வாள்? என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். தங்க வரவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அக்கா வீட்டு மாடி அறையில் இரண்டு பேர் படுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஜூனில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இந்த வருஷப் படிப்பு கெட்டாலும் பரவாயில்லை, அதுவரை நானே சொல்லித் தருவேன். மாதம் ஒருமுறை நீங்கள் வந்து பார்க்கலாம். அவள் கேட்டால் எந்த நாளும் வரலாம்.

நீங்கள் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பேன். இனிமேல் செய்ய மாட்டீர்கள் என்பதையும் நம்புகிறேன். ஆனால் நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அதைப் பார்த்து அவளும் திருப்பிக்கொள்வாள். அப்படி ஒரு வீட்டில் அவள் வளர வேண்டாம்.

அவளிடம் என்ன சொல்வதென்று எனக்கும் தெரியாது. இந்த மூக்கு எனக்கும் இருந்தது, அதைத் தினமும் தேடுகிறேன் என்று உள்ளதைச் சொல்வேன். நம்புவாளோ மாட்டாளோ, அவள் நம்புகிற வரைக்கும் சொல்வேன்.

அவள் துணிமணியை மடித்து வையுங்கள். ஸ்டுடியோ படங்களையும் பெட்டியில் வைத்துவிடுங்கள், அவை எனக்கு வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் கிளம்பும்போது வாசலுக்கு வாருங்கள், அவளைத் தூக்கிக் கொஞ்சுங்கள், அழ வேண்டுமென்றால் அழுங்கள். எங்களைச் சிரிக்கவைக்க மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா