பதினேழாம் எண் கை

1932 ஜூன் 7, செவ்வாய்

திரைச்சீலை ஒரு முழம் குட்டை. நான் சொன்ன அளவை டாக்டர் கோதண்டராமன் காதில் வாங்கவில்லை. கீழே பெண்களின் பாதம் தெரிந்தது. அக்தரி பேகம் உடனே புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். என் பழைய சேலையைக் கிழித்து அடியில் ஒட்டுத் தைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் செவ்வாய்தோறும் இந்த வாடகை வீட்டுக்கு வரவேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், பிள்ளை தங்காதவர்கள். திரைக்கு உள்ளே நான். வெளியே கம்பவுண்டர் மஹபூப் பாஷா. ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் எண் போட்ட நாடாவைக் கட்டுவது என் வேலை. அவள் திரையின் பிளவில் கையை நீட்டுவாள். பாஷா இரத்தம் எடுத்து, நாடாவில் உள்ள எண்ணையே குழாயிலும் ஒட்டுவார். குழாய்கள் ரயிலில் பட்டணம் போகும். படுக்கையில் ஒட்டி வயிற்றுப் பிள்ளையையும் பிடிக்கிற மேகநோய் இருக்கிறதா என்று அங்கே பார்த்து எழுதுவார்கள். எந்த எண் எவள் என்பது என் நோட்டில் மட்டும் இருக்கும். டாக்டருக்கே தெரியாது.

"பேர் தெரிஞ்சா என் மனசு ஒரு பக்கம் சாயும், கிளாரம்மா. அதனால நீங்க ஒருத்தர்தான் தெரிஞ்சவங்க."

சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். இருபது வருஷம் இந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய்த் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டீச்சரம்மா இருக்கிறாள் என்றுதான் இவர்கள் வந்தார்கள்.

அக்தரி பேகத்தின் மருமகள் குர்ஷித் ஐந்தாம் மாதம். என்னிடம் எழுத்துப் படித்தவள். வாய் ஜாஸ்தி. "டீச்சரம்மா, கைய வெளிய வுட்டா கை திரும்பி வருமா? இல்ல பட்டணத்துக்கு அதையும் அனுப்பிடுவாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள்.

இடையில் ஒரு தடவை வெளியே போய்ப் பார்த்தேன். துணியிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. விரல்கள் தாமாக மூடித் திறந்தன. உள்ளேயிருந்த சிரிப்புக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றவில்லை.

ஜூன் 14, செவ்வாய்

டாக்டர் வந்தவுடன் ஒரு விதி சொன்னார். ஒவ்வொரு பெட்டியிலும் நல்ல இரத்தம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு குழாய் இருக்கவேண்டும். எண் மட்டும் போட்டு மற்றவற்றோடு கலந்து அனுப்ப வேண்டும். அந்தக் குழாயில் நோய் இருப்பதாகப் பட்டணத்தார் எழுதினால் அந்தப் பெட்டி முழுவதையும் நம்பக்கூடாது. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு எடுக்கவேண்டும்.

"அப்படி நிச்சயமா யாரைச் சொல்றது?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

நானே என் மணிக்கட்டில் பதினேழைக் கட்டிக்கொண்டேன். அடுத்தது குர்ஷித், போன வாரம் கை நீட்டாமல் நழுவியவள், பதினெட்டு. பெட்டியை மூடும்போது பாஷா வெளியிலிருந்து கேட்டார். "உள்ள பதினோரு பேர்னு சொன்னீங்க டீச்சரம்மா. எனக்குப் பன்னெண்டு கை வந்துச்சே?"

பன்னிரண்டாவது கை என்னுடையது என்று சொல்லக்கூடாதே. அவர் ஏதோ ஓதிக்கொண்டது கேட்டது.

ஜூன் 23, வியாழன்

பட்டணத்திலிருந்து தாள் வந்தது. பன்னிரண்டு எண்களில் நோய் உள்ளது ஒன்றே ஒன்று.

பதினேழு.

ஜூன் 24, வெள்ளி

ஆற அமர யோசித்தேன். இது நடக்கக்கூடிய காரியமா? வேலூர் கான்வென்டில் படித்தவள் நான். பதினாறு வயதில் கல்யாணம், நாற்பத்தொன்றில் விதவை. இவருக்கு முன்னும் பின்னும் ஒரு ஆண்மகனின் நிழல்கூட என்மேல் பட்டதில்லை. இவரோ, தேவசகாயம் பிள்ளை என்றால் கல்கத்தா வரையில் தோல் வியாபாரிகள் எழுந்து நிற்பார்கள்.

ஆகவே நாடா மாறியிருக்கிறது. குர்ஷித் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்த அவசரத்தில் என்னுடையதை அவளுக்கும் அவளுடையதை எனக்கும் கட்டிவிட்டேன். அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று, அதுவும் பொருந்துகிறது. நான் தவறு செய்ததாக இந்த நோட்டில் எழுதுவது இதுவே முதல் தடவை. எழுதுவதில் ஒரு ஆறுதல்கூட இருக்கிறது.

மறுபடி எடுக்கச் சொல்லலாம். சொன்னால் என் பெயரைச் சொல்லவேண்டும்.

பெயர்ப் பட்டியலைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். பதினேழு: குர்ஷித், ரஃபி அகமது மனைவி. பதினெட்டு: நல்ல இரத்தம்.

ஜூன் 25, சனி

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூன் 28, செவ்வாய்

குர்ஷித்துக்கு முதல் ஊசி. தொள்ளாயிரத்துப் பதினாலு என்று பெயர். பாஷாணம் கலந்த மருந்து, மஞ்சளாக இருக்கிறது. பதினேழாம் நாடாவைக் கட்டி அவள் கையை நான்தான் வெளியே நீட்டிப் பிடித்தேன்.

"எனக்கு இன்னா டீச்சரம்மா?"

"இரத்தத்தில் கெடுதல். பிள்ளை நன்றாகப் பிறக்கத்தான் இது."

"இரத்தம் எப்படிக் கெடும்?"

அக்தரி பேகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புருஷனாலதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

ஜூலை 12, செவ்வாய்

குர்ஷித்துக்கு மூன்றாம் ஊசி. பகலெல்லாம் வாந்தி.

பெண்கள் போனபின் திரைக்கு வெளியே டாக்டர் பாஷாவுக்குப் பாடம் நடத்தினார். வீடு வீடாகப் போகும்போது கைக்குழந்தைகளிடம் எதைப் பார்க்கவேண்டும் என்று. நான் உள்ளே நாடாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"பொறந்து ரெண்டு மூணு வாரத்துல மூக்கடைக்கும். மூச்சு கறகறன்னு வரும், பால் குடிக்க முடியாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தாள் தாளா உரியும். மொகம் கிழவன் மொகம் மாதிரி சுருங்கிடும். அதுக்கு முன்னால அந்தத் தாய்க்கு ஒண்ணு ரெண்டு செத்தே பொறந்திருக்கும். ஊர்ல இதுக்குக் கருங்கிரந்தின்னு பேர் வெச்சு, வெத்தலைச் சாறு குடுத்து, பொதைச்சுட்டு வந்துடுவாங்க."

"தாய் பாக்கறதுக்கு எப்படி இருப்பா சார்?"

"நல்லாத்தான் இருப்பா. சாகற வரைக்கும் நல்லாவே இருக்கலாம். அதுதான் இதுல கஷ்டம்."

ஜூலை 13, புதன்

எனக்கு நாலு. இரண்டு உயிரில்லாமல். லூர்து பத்தொன்பது நாள். ஞானம்மாள் இருபத்தினாலு. கருங்கிரந்தி என்றார்கள்.

ஞானம்மாளுக்குப் பிறந்தபோது என் மாமியார் முகம். இருபதாம் நாள் என் மாமனார் முகம், அவர் இறந்த வருஷத்து முகம்.

ஜூலை 15, வெள்ளி

பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். முன்னறையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். படுக்கையறையிலிருந்து மூச்சு வந்தது. சின்ன மூக்கு, அடைத்த மூக்கு. இழுக்கும், நிற்கும், இழுக்கும். பூனை என்று எழுந்து போனேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். சுவரில் பக்கத்துத் தோல் ஷாப்பின் சுண்ணாம்பு வாடை. வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் இழுத்தது.

யாரிடம் சொல்ல? காதுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஜூலை 19, செவ்வாய்

நான்காம் ஊசி.

குர்ஷித் வீட்டில் பெரிய ரகளையாம். என் பேச்சை நம்பி அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்: நீதான் எங்கேயோ போய்விட்டு வந்து எனக்குக் கொடுத்தாய் என்று. ரஃபி அகமது குர்ஆன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான். போதாதென்று போன வாரம் டாக்டரிடம் தானே வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தாள் இன்று வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை.

அக்தரி பேகம் மெதுவாகத்தான் கேட்டாள். "எம் புள்ளைக்கு இல்ல. அவளுக்கு இருக்குது. அப்போ எங்கிருந்து வந்துச்சு டீச்சரம்மா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

நாடா விழுந்துவிட்டது. குர்ஷித்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, செவ்வாய்

இரண்டு வாரமாக அவள் வரவில்லை. வாணியம்பாடிக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் தலாக் என்று பேச்சு. ஊசி மருந்து ஈரலைப் பிடித்து உடம்பெல்லாம் மஞ்சள் என்று பாஷா சொன்னார். டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்.

என் கணவர் கடைசி வருஷம் நடந்த நடை ஞாபகம் வருகிறது. காலை உயரத் தூக்கித் தொப்பென்று வைப்பார். தரையைப் பார்க்காமல் நடக்க முடியாது. சூனியம் என்றார்கள். இன்று டாக்டரிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். "மேகம்தான். இருபது வருஷம் கழிச்சுக்கூட நரம்புக்கு வரும்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

கல்கத்தாவில் வருஷத்துக்கு நாலு மாதம் இருந்தார். சட்டைகளுக்கு நான்தான் இஸ்திரிப் பெட்டிபோட்டு அனுப்புவேன்.

ஆகஸ்ட் 4, வியாழன்

வாணியம்பாடி போனேன். காலை ரயில். குர்ஷித்தின் தாய் என்னைக் கண்டதும் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அதில் உட்காருவது எனக்கு எப்படி இருந்தது!

மூலையில் பாயில் கிடந்தாள். கண்ணின் வெள்ளை ஆவாரம்பூ மாதிரி. வயிறு மட்டும்தான் அவளுக்குச் சொந்தமாக இருந்தது. மற்றதெல்லாம் வேறு யாரோ. கையை எடுத்துப் பார்த்தேன். திரைக்கு வெளியே பார்த்த அதே கை. உடம்பு இல்லாத கை.

"டீச்சரம்மா, ஒரு வேளை தப்பா இருக்குமான்னு இங்க வூட்டுல கேட்டாங்க. நான்தான் சண்ட போட்டேன். டீச்சரம்மா எழுதினா தப்பா இருக்காதுன்னு சொன்னேன். ஒரு தையல் கோணிப்போனா மொத்தமும் பிரிக்கச் சொல்வாங்க, அவங்களா தப்பு எழுதுவாங்கன்னு கேட்டேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"அப்போ நானே எதாச்சும் செஞ்சிருப்பேனா? தூக்கத்துல எழுந்து போய்... எனக்கே தெரியாம? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். அப்படிக்கூட நடக்குமா டீச்சரம்மா?"

அந்த அறையில் கைக்குழந்தை கிடையாது. அங்கேயும் அந்த மூச்சு கேட்டது. என் பின்னாலேயே வந்திருக்கிறது.

நடக்காதும்மா, நடக்கவே நடக்காது, நீ ஒண்ணும் செய்யல. இதை மட்டும்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறுபத்துமூன்று வயசு, வாய் வரவில்லையாம்! வெட்கம் கெட்டவள்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாடா மாறவில்லை என்றும், மாறவில்லை என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றும்.

அவர் பதினேழின் ஊசிக் கணக்கை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நோய் இருக்குங்கறதுக்காக நான் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "அந்தப் பொண்ணு உடம்புல நாலு ஊசி பாஷாணம் ஏத்தியிருக்கேன். என் கையால."

இரண்டு பேருக்கும் மறுபடி இரத்தம் எடுக்கவேண்டும். நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். எனக்குத் திரை இல்லாமலே எடுத்தார்கள். பாஷா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு தம் கையைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 18, வியாழன்

தாள் வந்தது. குர்ஷித்துக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 20, சனி

அக்தரி பேகம் வீடு. சொல்லிவிட்டு உடனே திரும்பலாம் என்றுதான் போனேன். அவள் விடவில்லை.

"என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா ஆச்சா? எம் மருமவ பேர் இந்தத் தெரு முழுக்க நாறிக் கெடக்குது. எல்லாரையும் கூப்புடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கூப்பிட்டாள். என்னிடம் ஊசி பிடிக்கக் கற்றவர்கள் பாதிப் பேர். கதவுக்கு அப்பால் ரஃபி அகமது நிற்பது தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன். மேகநோய் என் இரத்தத்தில் இருக்கிறது. என் கணவர் எனக்குக் கொடுத்தது. என் நான்கு பிள்ளைகளையும் அதுதான் கொன்றது. என் பெயரை மறைக்கக் குர்ஷித்தின் பெயரை எழுதினேன்.

அக்தரி பேகம்தான் பேசினாள்.

"வேலைக்காரி பாத்திரத்த ஒடைச்சா கூலியில புடிச்சுப்போம். நீங்க எங்க வூட்டையே ஒடைச்சிட்டீங்க. உங்ககிட்ட எதைப் புடிக்கறது?"

வாசல் வரைக்கும் வந்தாள், வழியனுப்ப அல்ல. நான் போவதைப் பார்க்க.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

இவர் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். சாயங்காலம் மறுபடி நேராக்கினேன். முகம் தெரியட்டும்.

செப்டம்பர் 6, செவ்வாய்

இந்த வயதில் ஊசி அவசியமில்லை என்றார் டாக்டர். வேண்டும் என்றேன். ஈயம் போலக் கனக்கும் வேறொரு மருந்து போடுகிறார், நரம்பில் அல்ல, சதையில். முதல் ஊசி இன்று. இரத்தமும் மாதாமாதம் எடுப்பார்களாம்.

வீட்டில் மூச்சு இன்னும் கேட்கிறது. இப்போது எழுந்து தேடுவதில்லை. "லூர்து" என்று ஒரு நாளும், "ஞானம்மா" என்று ஒரு நாளும் கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் சற்று நிற்கிறது.

அக்டோபர் 4, செவ்வாய்

குர்ஷித்துக்கு ஆம்பூரில் பிரசவம். ரஃபி அகமது தானே வாணியம்பாடி போய் அழைத்து வந்திருந்தான். பெண். ஒரு மாதம் முந்திப் பிறந்தது, எடை கம்மி. தாய்க்கு இன்னும் மஞ்சள் முழுக்க இறங்கவில்லை. பார்க்கப் போனேன். "உள்ள வரவேணாம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. குர்ஷித்தின் குரல்தான்.

நியாயம்.

நவம்பர் 15, செவ்வாய்

நாற்பது நாள் கழிந்து குர்ஷித் இன்று திரைக்கு உள்ளே வந்தாள். பெண்கள் மறுபடி வரவேண்டுமானால் இனி நோட்டைத் தன் மருமகள்தான் எழுதவேண்டும் என்று அக்தரி பேகம் டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாளாம். குழந்தை மாமியார் மடியில் இருந்தது.

இன்று பதினான்கு பேர். நான் கடைசி. பெஞ்சில் என் இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது.

என் முறை வந்தது. குர்ஷித் நாடாவை எடுத்தாள். கண்ணில் மஞ்சள் இல்லை. நோட்டைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"பேரு சொல்லுங்க."

"கிளாரம்மாள். தேவசகாயம் மனைவி."

எழுதினாள். மை காயும்வரை காத்திருந்தாள். பிறகு எண்ணையும் பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாள். சரிதானா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

சரி என்றேன்.

என் முழங்கையைப் பிடித்துக் கையைத் திரையின் பிளவில் வெளியே தள்ளினாள்.