கேப்டன் கைக்கே போகும் பந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? என் பாப்பாவுக்குச் சளி விட்டதா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதே.

நான் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் கல்லூரிப் பெண்கள் நேற்று நட்பு ஆட்டத்தில் ஐந்தாவது முறையாகத் தோற்றார்கள். கூடைக்கு நேர் கீழே, கையில் பந்தோடு, தடுக்க ஆளில்லாமல் ஒரு முதலாமாண்டுப் பெண் நிற்கிறாள். கூடையில் போடாமல் கேப்டனைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிறாள்.

"ஏண்டி போடல?"

"அக்கா இருக்கும்போது நான் எப்படிப் போடுறது, மிஸ்?"

"பந்தை அக்கா விலைக்கு வாங்கிட்டாளா?"

எல்லாரும் சிரித்தார்கள், கேப்டனைத் தவிர.

இன்று பயிற்சியில், சீனியர்கள் யாரும் கூடையில் போடக் கூடாது என்றேன். கால் மணி நேரம் பந்தை ஒருத்தி மேல் ஒருத்தி தள்ளிவிட்டார்கள். பிறகு அந்தப் பெண்ணே இரண்டு போட்டாள். போட்ட கையோடு கேப்டனிடம் போய் மன்னிப்பும் கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போட்டியில் தோற்றால் சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடுவேன். ஜெயித்தால் அடுத்த சுற்றுக்காக இன்னும் ஒரு மாதம் இங்கேதான். அப்படியும் ஜெயிக்கச் சொல்லித்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

பாப்பாவை ஒரு தாளில் நிற்கவைத்துக் கால் அளவை வரைந்து அனுப்பு. செருப்புக் கடையில் அளவு கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெண்கள் வந்துவிட்டார்கள், போகிறேன்.

உன் மகள்