காலியாக விட்ட கட்டம்

மாப்ளே,

இன்று காலை கறுப்பு மைப் புட்டியைத் திறந்தேன். கற்பூரம் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது, இந்தப் பாழாய்ப்போன கழுத்துக்கு அது இன்னும் உறைக்கவில்லை. உன் இடத்தில் புது ஆள் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

என் முன்னால் கிணற்று வரைபடம். தாலுகாவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கோடையில் வயற்காட்டுக் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று எழுதி, ஒத்த அளவுகளைக் கோட்டால் சேர்க்கும் அதே வேலைதான். ஒரு கட்டத்துக்கு அளவு வரவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கும் இப்படித்தான். விராலிமலைப் பக்கம் ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. நான் பாட்டுக்குக் கோடு இழுத்தேன். அந்தப் பூஜ்யம் சுற்றியிருந்த ஊர்களையும் வறட்சிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் உள்ள இடத்தில்தான் சர்க்கார் பொதுக்கிணறு வெட்டும் என்பதால், அத்தனை ஊரும் பட்டியலிலிருந்து விழப் பார்த்தன. நீ ஸ்கேலால் என் கையில் தட்டினாய்.

"சுத்தி எல்லாக் கெணத்துலயும் ஆள் ஒசரம் தண்ணி நிக்கிது. நடுவுல மட்டும் எப்புடிப்பா வத்தும்?"

அளக்கப் போனவரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டாங்க சார். அசலூர் ஆளு கெணத்துல கயிறு விடக்கூடாதுன்னுட்டாங்க. நான் ஒண்ணும் எழுதாமத்தான் குடுத்தேன்."

அவர் வெறுமையாக விட்ட இடத்தில் நகல் எடுத்தவர் பூஜ்யம் போட்டிருக்கிறார். அளக்காத கிணறு வற்றிய கிணறாகிவிட்டது!

நீ பூஜ்யத்தைச் சுரண்டி எடுத்தாய். அந்தக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், அளந்ததை மட்டும் வைத்துக் கோடுகளைத் திருத்தினாய். சுற்றியிருந்த ஊர்கள் பிழைத்தன. நடுவிலிருந்த ஊர் மட்டும் அந்தரத்தில் நின்றது. பட்டியல் மறுநாள் திருச்சிக்குப் போக வேண்டும், காப்பு அவிழ இன்னும் ஒரு வாரம் இருந்தது. சுற்றியுள்ள அளவுகளின் சராசரியைப் போட்டுவிடு என்று ஆபீசரும் சொன்னார், நானும் சொன்னேன். நீ அசையவில்லை. நான் கத்தினேன்.

"அடேய், ஒன் தங்கச்சி வாக்கப்பட்ட ஊருடா அது! கொடத்தத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடக்குதுன்னு நீதானே பொலம்புன?"

"தங்கச்சி ஊருங்கிறதாலதான் பயமா இருக்கு. பக்கத்து வீட்ல ஒல கொதிச்சா நம்ம வீட்டுச் சோறு வெந்துருமா? அங்கிட்டுக் கீழ பாறையா தண்ணியான்னு ஒனக்குத் தெரியுமா?"

கோடுகளை அந்தக் கட்டத்தின் விளிம்பிலேயே நிறுத்தினாய். உள்ளே 'அளக்கவில்லை' என்று எழுதினாய். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

திருவிழா முடிந்ததும் நீயே கயிற்றோடு போய் அளந்தாய். ஆள் உயரத்துக்கு மேலேயே தண்ணீர் நின்றது. பட்டியல் போய்விட்டதே! அடுத்த பட்டியலில் அந்த ஊர் ஏறுவதற்குள் இரண்டு கோடை கழிந்தது. உன் தங்கை உன்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் வந்த பிறகும் பேசவில்லை.

உன் சாவுக்கு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, அவுகதான் பிடிவாதக்காரக. நீங்களாச்சும் ஒரு நம்பர எழுதியிருக்கப்படாதா? நான் எங்கண்ணனோட பேசிக்கிட்டே இருந்திருப்பேனே."

நீ செய்தது சரிதான். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் என்னை விடமாட்டேன் என்கிறது. உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறதடா. கோபப்படக்கூட நீ இல்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இந்தக் கட்டத்திலும் நான் எதையும் இட்டு நிரப்பவில்லை. அதை நீ என் கையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய். ஆனால் உன்னைப்போல் எழுந்து சாப்பிடப் போக எனக்கு மனசு வரவில்லை. பட்டியல் நாளை மறுநாள்தான் போகிறது. ஆபீசரிடம் லீவு சொல்லியாயிற்று. அந்த ஊருக்கு மத்தியானம் ஒரு பஸ் இருக்கிறது. அளவுக் கயிற்றோடு கிளம்புகிறேன்.