பின்கண்ணாடியின் பச்சை

காலையில் மீன் தொட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்த மணம் வந்தது. பாசியும் ஈரமும் கலந்த பச்சை மணம். உன் கை எப்போதும் அப்படித்தான் மணக்கும். தீனி டப்பாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "மீனு காணல்ல" என்று குட்டி கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள். ஒன்றரை வயது அவளுக்கு. நான்கு பக்கமும் பாசி ஏறி, உன் நீல ஃபைட்டர் மீன் உள்ளே வெறும் நிழலாகத் தெரிந்தது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் அண்ணன் அந்த மூலைப் பக்கம் திரும்புவதேயில்லை. உன் அம்மா இன்று சொல்லிவிட்டார்: "இந்தத் தொட்டிய யாருக்காவது குடுத்திரு மக்கா. பிள்ள கைய விடுது. அவளே இல்லாத வீட்டில அது என்னத்துக்கு?" அடுக்களைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்தே விட்டிருந்தார்.

நாத்தனார் என்றால் பயப்படவேண்டும் என்று சொல்லித்தான் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயோ ஏழு மாத வயிற்றோடு இருந்த என்னை, பாசி தின்னும் மீன் வாங்க நெய்யாற்றின்கரைக்கு இழுத்துப் போனாய். கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஒரு சக்கர் மீனைக் காட்டினார். எல்லாரும் அதைத்தான் கொண்டுபோகிறார்களாம்.

"அண்ணே, அடுத்த வருசம் ஒரு முழம் வளந்து இது தொட்டியில கெடக்குமா, நாங்க தொட்டியில கெடக்கணுமா?"

மஞ்சளாக இன்னொன்றைக் காட்டினார். "குட்டியில பாசி தின்னும். வளந்தா கூடக் கெடக்கவன் மேல ஒட்டிப் பிராண்டும். எங்க ஃபைட்டர் பாவமாக்கும்" என்றாய். அரை மணி நேரம் அவரைக் கேள்வி கேட்டே கொன்றாய். கடைசியில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, விலாவில் கறுப்புக் கோடு ஓடிய நான்கு ஓட்டோ மீன்கள். வீட்டில் அவற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டுத் தொட்டியருகே வைத்தாய். "மொதல்ல பழைய ஆளு பாத்துப் பழகட்டு. அண்ணன் உங்களக் கொண்டு வரும்ப என்கிட்ட யாரும் கேக்கல்ல மைனி. பின்ன, பிடிச்சுப் போச்சு."

ஃபைட்டர் ஒருமுறை செவுளை விரித்துக் காட்டிவிட்டு விலகிப் போனது. அன்று நீ சிரித்த சிரிப்பு இந்த வீட்டில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "முன்பக்கம் மட்டும் தொடைங்க மைனி. பின்கண்ணாடியத் தொடாதீங்க. அது அவங்க சாப்பாடாக்கும்." நானும் தலையாட்டினேன். ஆனால் குட்டி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். எதைப் பார்த்தாலும் எனக்குக் கிருமியாகத் தெரிந்த நாட்கள். ஒரு மத்தியானம் நான்கு கண்ணாடியையும் பளிச்சென்று தேய்த்தேன். மறுவாரமும் தேய்த்தேன். ஓட்டோக்களின் வயிறு உள்ளே ஒட்டிப்போனது. என்னவென்று எனக்குப் புரியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் போயின. பட்டினி போட்டுத்தான் கொன்றிருக்கிறேன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நீ போனில் கேட்டாய், "நாலும் உண்டா மைனி?"

"உண்டு" என்றேன்.

உனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று பத்து மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீ வந்து பார்த்துத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை. அதன்பிறகு கண்ணாடியைத் தொடவே பயம். அப்படித்தான் பாசி இவ்வளவு ஏறியது.

உன் அம்மா சொன்னதைக் கேட்டதும் குட்டியை அவரிடம் விட்டுவிட்டு, அமரவிளையில் பஸ் ஏறி அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் அதே சக்கர் மீனைக் காட்டினார். எவ்வளவு வளரும், கூட இருப்பவனைத் தொந்தரவு செய்யுமா, பாசி தீர்ந்தால் எதைத் தின்னும் என்று என் வாய் தானாகக் கேட்டது.

"சேச்சியும் மத்த பிள்ளையப் போலக் கேள்வி தொடங்கியாச்சா? வெள்ளரிக்கா அவிச்சுக் குடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே நான்கு ஓட்டோக்களை வலையில் பிடித்தார். "அவ எங்க, வரல்லியா?"

"வீட்டில உண்டு" என்றேன்.

குப்பியைத் தொட்டியருகே வைத்தேன். உன் ஃபைட்டருக்கு வயதாகிவிட்டது. மெதுவாக வந்து பார்த்தது, செவுளை விரிக்காமலே திரும்பிப் போனது. மாலையில் நான்கையும் உள்ளே விட்டேன். முன்கண்ணாடியை மட்டும் துடைத்தேன். பின்பக்கம் கை போனபோது துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். உன் அம்மா தூரத்தில் நின்று பார்த்தார்.

இப்போது அவை பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேய்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் ஒவ்வொன்றின் வயிற்றையும் பார்த்துவிட்டு வந்து இந்தக் கடிதத்தைத் தொடர்கிறேன். எனக்கு உருண்டையாகத்தான் தெரிகிறது. நீ ஒருதரம் பார்த்துச் சொன்னால் நம்பிவிடுவேன்.