தொட்டில் சேலையை வெளுத்த மாமா

இராஜபாளையம்
14-6-87

உலகத்தின் காயங்களுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து கட்டுப் போடும் மாமன் வைகுண்டராஜ், ஜபல்பூரில் டெலிபோன் டிரெயினிங்கில் இருக்கும் வளர்ப்பு மகள் பரிபூரணத்துக்கு எழுதுவது. நானும் உன் அத்தை சண்முகத்தாயும் உன் மகன் ஐயாதுரையும் மில் ஷிப்டில் பாதித் தூக்கமாய்த் திரியும் மாப்பிள்ளையும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்க ஆண்டாள் துணையிருப்பாள்.

உன் கடிதம் வந்தது. பத்து நாள் லீவு கிடைத்தும் வரலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய், மூன்று மாதத்தில் பிள்ளை என்னை மறந்திருப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்கமாட்டேன் என்று எழுதி அதிலே கண்ணீரை வேறு விட்டு மையைக் கலைத்துவிட்டாய். அம்மாடி, மறக்கவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு, அது நான் இதுவரை உன்னிடம் மறைத்த என் குற்றம்தான். நீ ரயிலேறுவதற்கு முதல் நாள் கட்டியிருந்த நீலச் சேலையைத் துவைக்காமல் அத்தை தொட்டிலாகக் கட்டினாள், அதில் படுத்தால் மலை சரிந்தாலும் பிள்ளை முழிக்கமாட்டான். சுத்தத்தின் சக்கரவர்த்தியான நான் அதிலே கோடிக்கணக்கில் கிருமி குடியிருப்பதாகக் கண்டு, பேண்டேஜ் வெளுக்கும் தொட்டியில் முக்கி எடுத்தேன். நீலம் போய் ஆஸ்பத்திரித் துணியாய் வந்தது. அன்று தொட்டிலில் போட்டதும் மூக்கைத் துணியில் உரசிப் பார்த்தான், பிறகு அழுதான் பார், அந்தச் சத்தத்தில் கூமாப்பட்டி மாடுகளெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு மலையேறியதாகத் தகவல். "பிள்ளை அவன் அம்மை வாசத்தயில்லா தேடுதான், உங்க மூளையையும் அந்தத் தொட்டியிலயே போட்டு வெளுத்துட்டியளா" என்று அத்தை கேட்டாள். அதன்பின் இரண்டு நாள் அவனை அவள் இடுப்பை விட்டு இறக்கவில்லை, சிணுங்கினால் தட்டினாள், தட்டினால் பாடினாள், மூன்றாம் நாள் அவள் கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கினான். இப்போது அவள் அடுப்படிக்குப் போனால்கூடத் தவழ்ந்து பின்னால் போகிறான். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் நூல் வியாபாரி சாரங்கபாணி பால்கோவாவோடு வந்தார், அவர் நாமத்தைக் கண்டதும் அத்தை முந்தானைக்குள் புகுந்தான், செத்த நேரத்தில் ஒரு கண் வெளியே வந்தது, பொறவு சிரிப்பு வந்தது, கடைசியில் அவர் மூக்குக் கண்ணாடி இவன் வாயில்! எல்லாம் அத்தை பக்கத்தில் இருந்த தைரியம், அவள் மட்டும் எழுந்து போயிருந்தால் அந்தக் கண்ணாடி பிழைத்திருக்கும்.

அத்தையிடம் ஒட்டிக்கொண்டானே என்று ஏங்காதே. ஐந்து மாதம் உன்னிடம் ஒட்டிப் பழகிய பிள்ளைதான் இவளிடமும் ஒட்டினான். ஆனால் வந்ததும் பாய்ந்து பிடுங்காதே, முதலில் அழத்தான் செய்வான், அரை நாளோ இரண்டு நாளோ ஆகட்டும், நீ பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, அவனாக வரட்டும்.

இன்னொன்று. நீ வருகிற அன்று தளவாய்புரத்துத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவதாக அத்தை சொல்கிறாள். "நான் கண்ணுல பட்டா அவகிட்ட போவமாட்டான், ரெண்டு நாளு ஒதுங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதினாள், காஸ் அடுப்பை! முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவளை அதட்டினேன், ஏட்டி நீ எங்கேயும் போகக்கூடாது, பக்கத்திலேயே உட்காரணும், உன் மடியிலிருந்து இறங்கித்தான் அவன் அவகிட்டத் தவழ்ந்து போகணும் என்று. அவள் ஊருக்குப் போக இறக்கி வைத்திருந்த பெட்டியைத் திரும்பப் பரணில் தூக்கி வைத்துவிட்டாள்.

ஆகவே டிக்கெட்டை எடு, ரயில் வரும் நாளை மறக்காமல் முன்கூட்டி எழுது, மாப்பிள்ளை ஷிப்டு மாற்ற வேண்டும். நூறாண்டு நிறைவாய் இரு.

உன் வரவை எதிர்பார்க்கும் மாமன்,
வைகுண்டராஜ்